மேல் பர்த்

ஜூலை 1, 2012, ஞாயிறு

அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸ் பைலட்டுகளின் புதிய ஒப்பந்தம் வாக்கெடுப்பில் தேறிவிட்டது. நான் டெல்டா ஆள் இல்லை. ஆனாலும் எங்கள் க்ரூ ரூமில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். சம்பளம் படிப்படியாக ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுகிறது. பதிலுக்கு, வெளி நிறுவனங்களுக்கு விடக்கூடிய 76 இருக்கை ஜெட்டுகளின் உச்சவரம்பு 153-இலிருந்து 223 ஆகிறது. 50 இருக்கைக் குட்டி ஜெட்டுகளில் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார்கள். டெல்டாவின் சொந்த பைலட்டுகளுக்கு 88 போயிங் 717 வரும். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு மோசமில்லை.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு: பெரிய ஏர்லைன் பைலட் சங்கங்களின் ஒப்பந்தத்தில் 'ஸ்கோப்' என்று ஒரு பிரிவு இருக்கும். எதைச் சங்கத்து ஆள் மட்டும்தான் ஓட்டலாம், எதை வெளியே கூலிக்கு விடலாம் என்கிற எல்லைக்கோடு அது. டெல்டாவில் இன்றைக்கு அந்தக் கோடு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. சிஆர்ஜே-900 விமானத்தில் 90 பேர் வரை உட்கார வைக்கலாம். ஆனால் 76 தான் போடுவார்கள். மிச்ச இடத்தில் முதல் வகுப்பு 12 சீட் தாராளமாக உட்கார்ந்திருக்கும். இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டால் பைலட் மலிவாகக் கிடைப்பான் என்பது விமானம் செய்தவனுக்கே தோன்றியிருக்காது.

கோட்டுக்கு இந்தப் பக்கம், கூலிக்கு ஓட்டும் கம்பெனியில் நான். மூன்றாம் வருட ஃபர்ஸ்ட் ஆபீசர் (கேப்டனுக்கு அடுத்த பைலட்), பறக்கும் மணிக்கு 36 டாலர், மாதத்துக்கு 75 மணி நேரம் உத்தரவாதம். வீடு கிளீவ்லாண்டில், பேஸ், அதாவது வேலை தொடங்கும் இடம், நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில். நடுவில் வந்து படுத்துக்கொள்ள நியூயார்க்கின் க்யூ கார்டன்ஸில் ஒரு கிராஷ்பேட்: மூன்று அறைகளில் பதினான்கு பேர், மாதம் 225 டாலர். ரயில் போல மேல் பர்த், கீழ் பர்த். கீழ் பர்த் சீனியாரிட்டிப்படி. எனக்குக் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகிறது.

ஜூலை 9

காலை 5.40-க்கு ரிப்போர்ட், இரவு 7.50-க்கு விடுதலை. நாலு செக்டார், அதாவது நாலு ஃப்ளைட். மதியம் நியூஜெர்சிப் பக்கம் இடிமேகம் கட்டிக்கொண்டதால் லகார்டியாவுக்கு வருவது, போவது எல்லாம் நின்றுபோயின. கேட்டில் கதவைத் திறந்து வைத்தபடி இரண்டே முக்கால் மணி நேரம். 50 பேருக்குத் தண்ணீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் மன்னிப்புக் கேட்டு.

கதவு மூடி பார்க்கிங் பிரேக்கை எடுத்தால்தான் எங்களுக்கு மீட்டர் ஓடும். இன்றைக்கு ஓடியது 5 மணி 20 நிமிடம், அதாவது 192 டாலர். வேலையில் இருந்தது 14 மணி 10 நிமிடம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 13 டாலர் சொச்சம். பேட்டா மணிக்கு ஒன்றரை டாலர் தனி. அது விமான நிலைய சாண்ட்விச்சுக்கே சரியாகிவிட்டது.

வகுத்துப் பார்க்காதே என்று மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 19

இறங்கும்போது ஒரு அம்மா காக்பிட் வாசலில் நின்றுவிட்டார். என் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டு, "தம்பி, நீங்க தமிழா?" என்றார். ஆமாம் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் வரிசை நிற்கிறது. அவர் கவலைப்படவில்லை.

"ஒண்ணு கேக்கணும். டிக்கெட்டுல பெரிய கம்பெனி பேர் இருக்கு, வால்லயும் அதே பேர்தான். அந்தப் பொண்ணு மைக்ல வேற ஏதோ பேர் சொல்றாளே, அது யாரு?"

அது நாங்கதான் அம்மா என்றேன். பெயிண்ட் அவர்களுடையது, ஓட்டுவது நாங்கள்.

"அப்போ நீங்க அவங்க கம்பெனி இல்லையா?"

இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம். ஏமாற்றமா பயமா தெரியவில்லை. "பத்திரமாத்தானே கொண்டுவந்து விட்டீங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டு என் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

உண்மையில் 2010 சட்டப்படி, டிக்கெட் விற்கும் தளத்தில் தேடியதும் வரும் முதல் பக்கத்திலேயே யார் இயக்குகிறார்கள் என்று காட்டியாக வேண்டும். காட்டுகிறார்கள். பொடி எழுத்தில், விலைக்கு அடியில். விலையைப் பார்த்த கண் அதற்கு அப்புறம் கீழே போகுமா?

என் அம்மாவுக்கும் இதே குழப்பம்தான். விமானத்தின் முன் நான் நிற்கும் படத்தில் வால் தெரிகிறது. சொந்தக்காரர்களிடம் அந்த வாலின் பெயரைத்தான் சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை.

ஜூலை 27

டெல்டாவின் துணைக் கம்பெனி காம்ஏரை மூடுகிறார்கள். செப்டம்பர் 29 கடைசி நாள். ஏறத்தாழ 1,700 பேர்.

சின்சினாட்டியில் 1977-இல் தொடங்கிய கம்பெனி. 1993-இல் சிஆர்ஜே என்ற ஐம்பது இருக்கை ஜெட்டை அமெரிக்காவில் முதலில் பறக்கவிட்டது அவர்கள்தான்; நான் இன்று ஓட்டுவது அதன் தம்பி. டெல்டா அந்தக் கம்பெனியை முழுசாக வாங்கிச் சொந்தமாக்கிக்கொண்டது. 2001-இல் அதன் பைலட்டுகள் சம்பளத்துக்காக 89 நாள் வேலைநிறுத்தம் செய்து, இந்த வட்டாரத்தில் அதுவரை இல்லாத ஒப்பந்தத்தை வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம்தான் பிறகு அவர்களுக்கு வினையானது என்று எங்கள் க்ரூ ரூமில் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது தெரியும்.

பெரிய ஏர்லைன் டிக்கெட் விற்கிறது, நேரத்தைத் தீர்மானிக்கிறது, எரிபொருளுக்கும் அதுவே பணம் கட்டுகிறது. எங்களைப் போன்ற கம்பெனிக்கு ஒரு ஃப்ளைட்டுக்கு இவ்வளவு என்று கூலி. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆட்கள் சம்பளத்தில்தான் கை வைக்க வேண்டும். ஒரு கம்பெனியில் ஆட்கள் நிலைத்து இருந்தால் என்ன ஆகும்? வருடத்துக்கு வருடம் சம்பளப் படி ஏறும். பத்து வருடத்தில் அந்தக் கம்பெனி விலை கூடியதாகிவிடும். அடுத்த தடவை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, நேற்று முளைத்த கம்பெனி சம்பளம் குறைந்த புது ஆட்களோடு வந்து குறைத்துக் கேட்கும். விமானங்கள் அங்கே போகும். அதே வால், அதே கேட், சில சமயம் அதே விமானமேகூட. ஆட்கள் மட்டும் வேறு. பழைய ஆட்கள் வேண்டுமானால் புதுக் கம்பெனியில் முதல் வருடச் சம்பளத்துக்குச் சேர்ந்துகொள்ளலாம்.

ஆக, இந்தத் தொழிலில் அனுபவம் என்பது கம்பெனிக்குச் செலவு. பயணிகளிடம் இதை மைக்கில் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 4

வீட்டுக்குப் போக ஒரு போயிங் 757-இன் ஜம்ப்சீட், அதாவது காக்பிட்டில் இருக்கும் உபரி இருக்கை, கிடைத்தது. கேப்டனுக்கு 58 வயது. பத்தாயிரம் அடி தாண்டும்வரை யாரும் வாய் திறக்கவில்லை, விதி அப்படி. தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளில் ஐம்பது இருக்கை ஜெட்டுகள் வரப்போகின்றன என்று சங்கக் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்களாம். இந்தப் பொம்மையை யார் ஓட்டுவது, வெளியே கொடுத்துவிடுங்கள், பதிலாக எங்களுக்கு மணிக்கு இரண்டு டாலர் சேர்த்துக் கொடுங்கள் என்று. "நானும் கையைத் தூக்கினேன்" என்றார். அப்புறம் 70 இருக்கை வந்தது. கம்பெனிக்குத் திவால் வந்தபோது 76 வந்தது. அதே திவாலில் அவருடைய ஓய்வூதியமும் போனது. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கிய கேப்டன் சல்லன்பெர்கர் 2009 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் சொன்னதும் இதே கதைதான்: சம்பளம் 40 விழுக்காடு வெட்டு, ஓய்வூதியம் ரத்து.

"நீ ஓட்டுவது என் வேலை" என்றார் கேப்டன். கோபமாக இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

நீங்கள் கொடுத்ததுதானே என்று கேட்க வாய் வரை வந்தது. ஓசியில் போகிறவன் கேட்கக் கூடாது.

இரவு முழுக்க யோசித்தேன். நிர்வாகத்தைத் திட்டுவது எளிது. ஆனால் கோடு நகர்ந்த ஒவ்வொரு முறையும் அதற்குக் கீழே பைலட்டுகளின் ஓட்டும் இருக்கிறது. மேலே இருப்பவர்கள், இன்னும் உள்ளே வராதவர்களின் வேலையை விற்றார்கள். நாளைக்கே நான் அங்கே போய், என் முன் அதே ஓட்டுச்சீட்டு வந்தால்? பயிற்சிக் கடன் மாதம் 780 டாலர் போகிறது. நான் போடப்போகும் ஓட்டு எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 26

நீல் ஆம்ஸ்ட்ராங் நேற்று சின்சினாட்டியில் காலமானார். க்ரூ ரூமில் கொஞ்ச நேரம் எல்லோரும் அமைதி. பிறகு ரிசர்வ் அழைப்பு, அதாவது காத்திருப்பில் இருப்பவருக்கான வேலை அழைப்பு, வந்தது.

செப்டம்பர் 8

எங்களைப் போலவே கூலிக்கு ஓட்டிய கோல்கன் ஏர் இந்த வாரத்தோடு பறப்பதை நிறுத்திவிட்டது. தாய்க் கம்பெனி பினக்கிள் ஏப்ரலிலேயே திவால் மனு போட்டாயிற்று.

2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ பக்கத்தில் விழுந்தது கோல்கனின் ஃப்ளைட் 3407. வாலில் கான்டினென்டல் பெயர். 50 பேர் பலி. விசாரணையில் அந்த ஃபர்ஸ்ட் ஆபீசரின் சம்பளம் வருடம் 16,000 டாலர் சொச்சம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு கம்பெனி அதைத் திருத்திக் கூட்டிச் சொன்னது. சியாட்டிலில் பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் பயணம் செய்து நியூவார்க்குக்கு வேலைக்கு வந்திருந்தாள். கேப்டன் க்ரூ ரூமில் தூங்கியிருந்தார். விபத்துக்குக் காரணம், வேகம் குறைந்த எச்சரிக்கை வந்ததும் கேப்டன் தவறாகக் கையாண்டது என்பதுதான் தீர்ப்பு. அது சரியான தீர்ப்பு. ஆனால் நானும் சரக்கு விமானத்தில் வந்து, நாற்காலியில் தூங்கி, வேலைக்குப் போயிருக்கிறேன்.

பலியானவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து சட்டம் கொண்டுவந்தார்கள். ஓய்வு நேர விதி மாறுகிறது. அடுத்த ஆண்டு முதல் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். அந்த விமானத்தை ஓட்டிய இருவருக்குமே 1,500-க்கு மேல் இருந்தது என்பதை யாரும் நினைவுபடுத்துவதில்லை. சம்பளத்தைப் பற்றி சட்டத்தில் ஒரு வரி இல்லை.

செப்டம்பர் 30

காம்ஏர் நேற்றோடு முடிந்தது. நேற்று எனக்கு விடுமுறை. துணி துவைத்தேன்.

நவம்பர் 2

சாண்டி புயலில் லகார்டியா ஓடுபாதையில் கடல் தண்ணீர் நின்றது. நேற்றுதான் திறந்தார்கள். ரத்தான என் மூன்று நாள் ட்ரிப்புக்குக் காசு உண்டா இல்லையா என்று ஒப்பந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உண்டு போலத்தான் இருக்கிறது. உடனே நம்பக்கூடாது.

நவம்பர் 28

கிராஷ்பேடுக்குப் புது ஆள். 51 வயது, ஆறடிக்கு மேல் உயரம், வலது முழங்காலில் பட்டை. காம்ஏரில் பதினைந்து வருடம், கடைசி ஒன்பது வருடம் கேப்டன். இப்போது எங்கள் கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஆபீசர், ரிசர்வ், மணிக்கு 23 டாலர்.

கடைசி ஃப்ளைட் வரை இருந்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். "இங்கே செப்டம்பர் 10 பயிற்சி வகுப்பை விட்டிருந்தால் இன்னும் முப்பது எண் கீழே போயிருப்பேன்" என்றார். அவருடைய சீனியாரிட்டி எண் என்னுடையதைவிட 212 கீழே. நான் கேட்டு எடுத்த பிறகு மிஞ்சும் ட்ரிப்புகள்தான் அவருக்கு.

காலியாக இருந்தது என் தலைக்கு மேலே இருக்கும் பர்த் மட்டும். ஏணியைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். கேப்டன், கீழே படுத்துக்கொள்ளுங்கள், நான் மேலே போகிறேன் என்றேன். பழக்கத்தில் கேப்டன் என்று வந்துவிட்டது.

"சீனியாரிட்டி என்றால் சீனியாரிட்டி" என்றார். "89 நாள் தெருவில் நின்றவன் நான். எனக்காக நீ அதை மாற்றாதே."

ஒவ்வொரு படியாக இடது காலை மட்டும் ஊன்றி ஏறினார். மேலே போனதும் பலகை கிரீச் என்றது. தலை கூரையில் இடித்தது, இரண்டு முறை.

நாலரைக்கு ஒரு போன் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். அவருக்கு மூன்றாவது இடி. என் அலாரம்தான். அவருக்கு ரிசர்வ் அழைப்பு வரும்வரை தூங்கலாம். ஆனால் அவர் இறங்கி வந்து எனக்கும் சேர்த்து காபி போட்டார்.