எடை தாங்காத முகப்பு: ஆம்ஸ்டர்டாம் வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஆம்ஸ்டர்டாமின் புதிய வீடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதல் அரை மணி நேரத்தைக் கால்வாய்க் கரையின் பழைய வீடுகளுக்குக் கொடுத்துவிடுவது நல்லது. அங்கே அலங்கார முகப்பை விட்டுவிட்டுப் பக்கச் சுவர்களைக் கவனியுங்கள். உத்தரங்கள் இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவருக்குப் போகின்றன. தெருவைப் பார்த்த சுவர் அநேகமாகத் தன் எடையை மட்டும்தான் தாங்குகிறது. அத்தனை பெரிய ஜன்னல்களை அதில் வைக்க முடிந்தது அதனால்தான். அடியில் இருப்பது களிமண்ணும் சதுப்பு மண்ணும். சுமார் 12 மீட்டர் ஆழத்து மணல் அடுக்கு வரை மரக்கம்பங்களை அடித்து இறக்கி அதன்மேல்தான் கட்டினார்கள். எடையைக் குறைக்க முடிந்த இடம் முகப்பு. உச்சியில் கொக்கியோடு நீட்டிக்கொண்டிருக்கும் கட்டை சாமான் ஏற்றுவதற்கு. உள்ளே படிக்கட்டு ஏணி மாதிரி இருக்கும், பீரோவெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும்.

இது பிடிபட்டால் புதிய வீடுகளும் பிடிபடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வரிசை வீடுகளில் பெரும்பகுதி அதே தத்துவம்தான், உத்தரத்துக்குப் பதில் கான்கிரீட். கவிழ்த்த ‘ப’ வடிவில் எஃகு சென்ட்ரிங்கை நிறுத்தி, இரண்டு பக்கச் சுவரையும் மேல்தளத்தையும் ஒரே நாளில் வார்ப்பார்கள். இரவில் சூடேற்றி, மறுநாள் காலை சென்ட்ரிங்கை முன்பக்கமாக இழுத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சென்ட்ரிங் வெளியே வர வேண்டுமே, அதற்காகவே முன்பக்கம் திறந்து கிடக்கும். அந்தத் திறப்பைப் பிறகு செங்கல்லாலோ மரத்தாலோ முழுக் கண்ணாடியாலோ மூடிக்கொள்ளலாம். டச்சு முகப்புகளின் துணிச்சல் என்று பாராட்டப்படுவதில் பாதி இந்தச் சென்ட்ரிங்கின் உபயம்.

சென்ட்ரல் நிலையத்திலிருந்து 26ஆம் எண் டிராம் ஏறி ரீட்லாண்ட்பார்க்கில் இறங்குங்கள். டிராமில் ரொக்கம் செல்லாது, வங்கி அட்டையைக் காட்டி ஏறலாம். இறங்கும்போதும் அட்டையைக் காட்ட மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள். பத்து நிமிட நடையில் போர்னியோ, ஸ்போரன்பர்க் என்ற இரண்டு பழைய துறைமுக மேடைகள். 1990களில் வெஸ்ட் 8 என்ற நகர வடிவமைப்பு நிறுவனம் இவற்றுக்குத் திட்டம் வரைந்தபோது கேட்கப்பட்டது ஹெக்டேருக்கு 100 வீடு, அதாவது ஏக்கருக்கு 40. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்குத் தெருவிலேயே சொந்த வாசல் வேண்டும். அவர்கள் கண்ட வழி: மூன்று மாடி, முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். தோட்டம் வெளியே கிடையாது. முற்றமும் மொட்டைமாடியும் வீட்டுக்குள்ளேயே. நம் பழைய முற்றத்து வீடு ஞாபகம் வரும், ஆனால் இங்கே முற்றத்தின் முதல் வேலை காற்று அல்ல, வெளிச்சம். தரைத்தளத்துக்கு 3.5 மீட்டர் உயரம் வைத்ததும் வெளிச்சம் ஆழமாக உள்ளே போகட்டும் என்றுதான்.

போர்னியோவில் நின்று பார்க்க வேண்டிய தெரு ஸ்கேப்ஸ்டிம்மர்மன்ஸ்ட்ராட். அறுபது மனைகளைத் தனித்தனியாக விற்று, அவரவர் கட்டடக் கலைஞரை அவரவரே வைத்துக்கொள்ள விட்டார்கள். அகலம் 4.2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை, ஆழம் சுமார் 16. சின்ன மனை என்றால் ஏறக்குறைய 720 சதுர அடி, ஒரு கிரவுண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குள் எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டிய ஒரு வீடு மனையை நீளவாக்கில் பாதியாக்கி, ஒரு பாதியைச் சந்தாகவே விட்டிருக்கிறது. வீட்டின் அகலம் இரண்டரை மீட்டர்தான்! வீணடிப்பு மாதிரித் தெரியும். கணக்குப் போட்டால் அப்படியில்லை, அந்தச் சந்து வீட்டின் நீளம் முழுவதற்கும் வெளிச்சம் கொடுக்கிறது. தெருப்பக்கம் பார்த்ததோடு திரும்பிவிடாமல் எதிர்க்கரைக்குப் போய் நீர்ப்பக்கத்தையும் பாருங்கள், வீட்டுக்காரர்கள் தாராளம் காட்டியது அங்கேதான். குறையும் உண்டு. சில வீடுகளில் தரைத்தளத்தில் கார் நிற்கிறது. தெருவில் நடப்பவருக்கு ஜன்னலுக்குப் பதில் ஷட்டர் கதவு.

கிட்டே போனால் செங்கல் சுவரின் அடி வரிசையில் சில செங்குத்து இணைப்புகளில் சாந்து இல்லாமல் இடைவெளி தெரியும். ஜன்னல்களுக்கு மேலும் அப்படியே. கொத்தனார் மறந்துவிட்டுப் போனதல்ல. வெளிச்சுவர் ஒரு செங்கல் தடிமன் உறை மட்டுமே. அதன் பின்னால் காற்று இடைவெளி, வெப்பக் காப்புப் பலகை, பிறகு உட்சுவர். மழைநீர் உறையைத் தாண்டி உள்ளே வரும், வரட்டும் என்றுதான் விடுகிறார்கள். அந்த ஓட்டைகள் வழியாக அது வெளியேறிவிடும். தெரியாமல் யாராவது பூசி அடைத்தால் சுவர் நனைந்தே கிடந்து உப்புப் பூக்கும். மரப்பலகை முகப்புகளில் வேறு சிக்கல். பூச்சு இல்லாத பலகை வெயிலும் மழையும் படும் இடத்தில் வெள்ளிச் சாம்பலாகும், சன்ஷேடுக்குக் கீழே பழுப்பாகவே நிற்கும். திட்டுத்திட்டாக இருப்பதைச் சிலர் அழகு என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

ஸ்போரன்பர்க்குக்குப் போகச் சிவப்புப் பைத்தான் பாலம், நீளம் 90 மீட்டர். படகுகள் போக உயர்த்திக் கட்டியதால் ஏறி இறங்கப் படிகள். சைக்கிள் வைத்திருந்தால் பக்கத்துத் தட்டைப் பாலம்தான். அக்கரையில் துத்தநாகத் தகடு போர்த்திய ‘திமிங்கிலம்’, 214 குடியிருப்புகள். நடு முற்றத்துக்குள் வெயில் விழ, கட்டடத்தின் அடிவயிற்றையே தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

அதே டிராமில் ஸ்டைகரைலாண்ட் போனால் மிதக்கும் வீடுகள். அடியில் நீருக்குள் அமிழ்ந்த கான்கிரீட் தொட்டி, அதுவே படுக்கையறைத் தளம். எதிரெதிர் மூலைகளில் இரண்டு எஃகுக் கம்பங்கள் வீட்டைப் பிடித்திருக்க, நீர்மட்டத்தோடு வீடு ஏறி இறங்கும். ஒரு பக்கம் மட்டும் கனமான சாமானை வைத்தால் வீடு சாயும், மறுபக்கம் எடை வைத்துச் சரிக்கட்ட வேண்டும். மிதவை நடைபாதைகளில் நடக்கும்போது குரலைக் குறையுங்கள். டச்சுக்காரர்கள் திரை போடாதது உள்ளே படம் எடுக்க அழைப்பு அல்ல.

மேற்கே ஓஸ்டார்பில் வோசோகோ என்ற கட்டடம், 1997, ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான 100 வீடுகள். மனை விதிப்படி கட்டியதில் அடங்கியவை 87. மீதிப் பதின்மூன்றை வடக்கு முகப்பிலிருந்து பெட்டி பெட்டியாக அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். பிடிமானம் எங்கே? பக்கச் சுவர்களில்தான். ஒலித் தடுப்புக்காக அவற்றைத் தேவையைவிட 8 சென்டிமீட்டர் தடிமனாகக் கட்டியிருந்தார்கள், பெட்டிகளின் இரும்புச் சட்டகத்தைக் கோக்க அந்த இடம் போதுமானதாயிற்று.

ராட்டர்டாமில் கட்டடக் கலைஞர் பீட் ப்ளோமின் கனசதுர வீடுகளை (1984) ப்ளாக் நிலையத்தில் இறங்கினால் உடனே பார்த்துவிடலாம். காட்சி வீடு ஒன்று திறந்திருக்கும். சாய்ந்த சுவர்களால் நூறு சதுர மீட்டரில் கால் பங்கு பயன்படாது. வேடிக்கைக்கு நன்று, குடியிருக்க அல்ல.

நேரம் மிச்சமிருந்தால் அதை உட்ரெக்ட்டில் கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் வீட்டுக்கு ஒதுக்குங்கள். நேரம் குறித்த டிக்கெட், முன்பதிவு இல்லாமல் போனால் திரும்ப வேண்டியிருக்கலாம். கான்கிரீட் வீடு மாதிரித் தெரியும். உண்மையில் பெரும்பகுதி செங்கல்லும் பூச்சும் மரமும்; கான்கிரீட் இருப்பது அஸ்திவாரத்திலும் பால்கனியிலும்தான். மாடிக்குத் தடுப்புகள் எல்லாம் நகர்பவை. அன்றைய கட்டட விதி அதை ஒப்பாது என்பதால் அனுமதி வரைபடத்தில் மாடியைப் பரண் என்று குறித்துவிட்டார்கள். மாடியின் மூலையில் இரண்டு ஜன்னல்கள் சந்திக்கின்றன, நடுவில் தூண் இல்லை. இரண்டையும் திறந்தால் வீட்டுக்கு அங்கே மூலையே இருக்காது. எதிரே அப்போது வயல்வெளி. இப்போது உயர்த்திக் கட்டிய நெடுஞ்சாலை.