ஐந்து டாலர்

அந்த அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி. "மகனுக்காக அந்த அஞ்சு டாலரை நானே இப்போ கட்டிடட்டுமா, இல்ல உத்தரவு வரட்டும்னு இருக்கட்டுமா?"

"சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைம்மா" என்றேன். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்ற அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் மனப்பாடமாகிவிடும் பதில் அது. வழிமுறையைச் சொல்லலாம், எது நல்லது என்று சொல்லக்கூடாது.

மகன் சிறையிலிருந்தே, தன்னை அடைத்து வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஹேபியஸ் மனு போட்டு, கட்டண விலக்கும் கேட்டிருந்தார். சாதாரண சிவில் வழக்குக்கு 405 டாலர், இதற்கு 5 தான். சிறைக் கணக்கில் முப்பது சொச்சம் இருந்ததால் நீதிபதி விலக்கை மறுத்து 30 நாள் கெடு கொடுத்தார். கணக்குப்படி சரிதான். அயோவா மாநிலம் கேட்ட நான்கு டாலரைக்கூட ஏழைக் கைதியிடம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1961-ல் சொன்னது. ஆனால் முப்பது வைத்திருப்பவர் ஏழையா இல்லையா என்பது வேறு விவகாரம்.

பணம் வரவில்லை. சிறைக் கணக்குப் பிரிவில் தங்கியதோ என்னவோ. மனு தள்ளுபடியானது, 'மறுபடி தாக்கல் செய்யலாம்' என்ற குறிப்போடு. எங்கே செய்வது? 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மேல்முறையீடுகள் முடிந்து ஓராண்டுக்குள் இந்த மனு வரவேண்டும். கூட்டாட்சி மனு நிலுவையில் கிடந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பது 2001 தீர்ப்பு. அப்புறம் தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். தள்ளுபடியான அன்றே ஓராண்டு தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

நான் கட்டச் சொல்லி, மனு வேறு காரணத்தால் தோற்றிருந்தால்? "இந்த மாதிரி மனுக்கள் பெரும்பாலும் நிற்காது, விடு" என்றார் பக்கத்து மேசைக்காரர். நியாயம்தான். தாமதத்தை மன்னிக்கும்படி மகன் இன்னமும் கேட்கலாம், அதற்கும் வழி இருக்கிறது. இதையெல்லாம் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

ஆனால் அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. 'கட்டட்டுமா' என்பதற்கு நான் பதில் சொல்லக்கூடாது. 'கட்டலாமா' என்று கேட்டிருந்தால், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று சொல்லியிருப்பேன். அவர் அப்படிக் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் மேலதிகாரி காதில் விழுந்து, "இது ஆலோசனை மாதிரி இருக்கே?" என்றார். இல்லை, வழிமுறைதான் என்றேன். சரி என்று போய்விட்டார். அப்படியானால் அன்றைக்கும் அது வழிமுறையாகத்தானே இருந்திருக்கும்.