ஃப்ரேமுக்குள் அடங்காத டிசைன்: பிராக்டிகலுக்கு நான் தயாரான விதம்

மெஷின் எம்ப்ராய்டரி சான்றிதழ் படிப்பின் கடைசி பிராக்டிகலில் எங்களுக்கு வந்தது பட்டு ரவிக்கையின் பின்கழுத்து டிசைன். யு வடிவக் கழுத்தைச் சுற்றிக் கொடியும் இலையும் மாங்காயும். அகலம் 165 மி.மீ., உயரம் 225 மி.மீ. மெஷினோடு இருந்த, துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ரேமின் தையல் பரப்போ 130க்கு 180 மி.மீ. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே தடவையில் அடங்காது, பிரித்துப் பகுதி பகுதியாகத்தான் தைக்க வேண்டும். வீட்டு மெஷினில் பழகுகிற எல்லோருக்கும் இந்த நிலைமை என்றாவது வரும். சின்ன மெஷின்கள் பலவற்றில் 100க்கு 100 மி.மீ. ஃப்ரேம்தான் உண்டு, அதில் பின்கழுத்து என்ன, அகலமான கை பார்டரையே பிரித்துத்தான் போட வேண்டும். அதே தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்ததை எழுதுகிறேன்.

முதலில் மனதில் பதிய வேண்டியது இது: இரண்டாவது பகுதியைப் பொருத்தும்போது இடம் தள்ளிப்போனால் திருத்துவது சுலபம். மெஷினில் அம்புக்குறியை அழுத்தி டிசைனை நகர்த்திவிடலாம். உண்மையான தொல்லை சாய்வுதான். துணி 1 டிகிரி திரும்பியிருந்தால் 100 மி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 1.7 மி.மீ. விலகிவிடும். நிரப்புத் தையலில் வரிக்கு வரி இடைவெளியே சாதாரணமாக 0.4 மி.மீ. தான். அப்படியென்றால் 1.7 மி.மீ. எவ்வளவு பெரிய பிளவு என்று பாருங்கள். ஆகவே ஒரு புள்ளி பொருந்தியதும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீர்கள். இரண்டு புள்ளிகள் பொருந்த வேண்டும்; அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது.

டிசைனை எங்கே பிரிப்பது என்பதில் எங்கள் வகுப்பில் இரண்டு கருத்து இருந்தது. பலர் மூன்றாகப் பிரித்தார்கள்: யு வடிவத்தின் அடி வளைவு, அதன் இடது கை, வலது கை. நான் இரண்டாகப் பிரித்தேன். ஃப்ரேமைக் குறுக்காக வைத்தால் 180 மி.மீ. அகலம் கிடைக்கும், அடி வளைவு ஒரு பகுதி, மேலே இரண்டு கைகளும் சேர்ந்து இன்னொரு பகுதி. இதற்காக டிசைனை 90 டிகிரி திருப்பிச் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். லாபம் என்னவென்றால், இரண்டாவது ஃப்ரேமிங்கிலேயே இடது இணைப்பும் வலது இணைப்பும் ஒன்றாக வந்துவிடும். இடதுபுறம் சேர்ந்து வலதுபுறம் சேரவில்லை என்றால் துணி சாய்ந்திருக்கிறது என்று உடனே தெரியும். மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு கையும் தனித்தனியாகச் சாய வாய்ப்பு இருக்கிறது, ஃப்ரேமிங்கும் ஒன்று கூடுகிறது. பிரிவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

வெட்டும் இடத்தைச் சாஃப்ட்வேர் தானாகத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். நேர்கோடு போட்டு வெட்டினால் அது மாங்காயின் நடுவிலும் போகும், சாட்டின் தையலின் (நூல் நெருக்கமாகப் போய்வந்து நிரப்பும் தையல்) குறுக்கிலும் போகும். சாட்டின் தையல் ஓடும் திசையில் துணியை உள்ளே இழுக்கும், அதற்குச் செங்குத்தாக வெளியே தள்ளும். பாதியில் வெட்டிய வடிவத்தின் இரண்டு பாதிகளும் இப்படித் தனித்தனியாக இழுபட்டால் எத்தனை கவனமாகப் பொருத்தினாலும் கோடு தெரியும். கொடி ஒரு இலைக்கு அடியில் நுழையும் இடத்தைத் தேடுங்கள். கொடியை முதல் பகுதியில் 2, 3 மி.மீ. நீட்டி முடித்துவிட்டு, இலையை இரண்டாவது பகுதியில் வைத்தால் இலை அந்த நுனியை மூடிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணுக்குப் படாது. இந்தப் பயிற்சிக்கு விலை கூடிய சாஃப்ட்வேர் தேவையில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரோடு சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் இலவசமாகக் கிடைக்கிறது. வடிவங்களைப் பிரித்து, தையல் வரிசையைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்து, பிஇஎஸ், ஜெஇஎஃப், டிஎஸ்டி என்று மெஷினுக்கு ஏற்ற ஃபைலாக எடுக்கலாம்.

அடுத்து இணைப்புக் குறிகள். முதல் பகுதியின் கடைசி நிறமாக, அதாவது கடைசியாகத் தைக்கும்படி, இரண்டு சின்னக் கூட்டல் குறிகளை ஓட்டத் தையலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பகுதியின் ஃபைலில் அதே குறிகள் முதல் நிறமாக வரும். எங்கே வைப்பது? பட்டில் ஊசி குத்திய ஓட்டை நூலைப் பிரித்த பிறகும் தெரியும். அதனால் நான் இரண்டையும் கழுத்துக்கு உள்பக்கம் வைத்தேன். அந்தத் துணி எப்படியும் வெட்டி எடுக்கப்படும். பிரிக்க வேண்டிய வேலையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் 85 மி.மீ. கிடைத்தது. ஏற்கனவே வெட்டிய துணியில் போடுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது, ஆகவே வெட்டாத துணியில்தான் எப்போதும் ஆரம்பிக்க வேண்டும்.

பேப்பர் டெம்ப்ளேட்டை அலட்சியம் செய்யாதீர்கள். டிசைனை 100 சதவீத அளவில் பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பிரிண்டர் ‘பக்கத்துக்கு ஏற்ப’ சுருக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். துணியில் நடுக்கோட்டையும் குறுக்குக் கோட்டையும் இழை ஓட்டத்தைப் பார்த்து வரைந்து, டெம்ப்ளேட்டை அதன் மேல் வைத்துச் சரிபார்க்கலாம். மார்க்கர் பேனாவில் கவனம் வேண்டும். சூட்டில் மறையும் பேனாவால் கோடு போட்டுவிட்டு, முதல் பகுதி முடிந்ததும் சுருக்கம் போக அயர்ன் செய்தால் இரண்டாவது பகுதிக்கான கோடெல்லாம் போய்விடும். தண்ணீரில் போகும் நீலப் பேனாவுக்கு எதிர்ப் பிரச்சினை: அயர்ன் பட்டால் கறை நிலைத்துவிடலாம். பட்டில் இரண்டும் வேண்டாம் என்பது என் எண்ணம். மெல்லிய நூலால் கையோட்டம் போட்டுக் குறிப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது ஃப்ரேமிங்தான் தேர்வின் மையம். துணியையே ஃப்ரேமில் மாட்டினால் வளையத்தின் கீழ் விளிம்பு ஏற்கனவே போட்ட தையலின் மேல் ஏறும். அந்த இடம் தடிமன், மற்ற இடம் மெல்லிசு. பிடிமானம் சீராக இருக்காது, பட்டில் ஃப்ரேம் தடமும் விழும். அதனால் துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேக்கிங் பேப்பரை மட்டும் ஃப்ரேமில் இறுக்கமாக மாட்டி, ஒட்டும் ஸ்ப்ரே லேசாக அடித்து, துணியை மேலே வைத்தேன். ஸ்ப்ரேயை மெஷினுக்குத் தள்ளி நின்று அடிக்க வேண்டும். துணியை இழுக்காமல் கையால் தடவி ஒட்டினால் போதும். முதல் பகுதியின் பேப்பரை அதுவரை கிழிக்கக் கூடாது, கிழித்தால் துணி தளர்ந்து குறிகளின் தூரமே மாறிவிடும்.

இப்படித் துணியை ஃப்ரேமில் மாட்டாமல் மேலே ஒட்டி மிதக்க வைப்பதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. பல மெஷின்களில் டிசைனை 1 டிகிரிக்குக் குறைவாகத் திருப்ப முடியாது. 85 மி.மீ. தூரத்தில் 1 டிகிரி என்பது ஒன்றரை மில்லிமீட்டர். அரை டிகிரி சாய்வைத் திரையில் திருத்த வழியில்லை. துணி ஒட்டித்தான் இருக்கிறது என்பதால் அதையே விரலால் நகர்த்தலாம். முறை இதுதான்: தையலை முன்னே நகர்த்தும் பட்டனால் முதல் குறியின் நடுவுக்குப் போய், கைச்சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் துணி தொடும் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். சேரவில்லை என்றால் டிசைனை நகர்த்துங்கள். ஊசியை நன்றாக மேலே ஏற்றிவிட்டு இரண்டாவது குறிக்குப் போங்கள். அங்கே விலகல் இருந்தால் துணியை முதல் குறியை மையமாக வைத்துத் திருப்பி ஒட்டுங்கள். அப்புறம் மறுபடி முதல் குறி. இரண்டிலும் ஊசி நடுவில் இறங்கும்வரை இதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். நேரம் போகிறதே என்று பதறத் தேவையில்லை. தைப்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும், நம் மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. பொருந்தியதும் குறிகளைத் தாண்டி டிசைனின் ஆரம்பத்துக்குப் போவதற்கு முன், ஓரமாக ஒரு பேஸ்டிங் ஓட்டம் (தற்காலிகத் தையல்) போட்டுக்கொண்டால் துணி அசையாது. பட்டு என்றால் அதையும் கழுத்து உள்பக்கத்திலோ தையலுக்குள் போகும் ஓரத்திலோ போடுங்கள்.

பழகுவதற்குக் காடா துணியே போதும். ஆனால் தேர்வுக்கு முன் ஒரு தடவையாவது பட்டுத் துண்டில் போட்டுப் பாருங்கள், இரண்டும் இழுபடுகிற விதமே வேறு.

வாய்மொழிக் கேள்விகளில் வேறு ஃப்ரேம் வகைகளும் வரும். பல நிலை ஃப்ரேமில் துணியை ஒரே தடவை மாட்டி, ஃப்ரேமை மட்டும் கழற்றி அடுத்த நிலையில் பொருத்துவோம். ப்ரதர் நிறுவனத்தின் 100 மி.மீ. மெஷின்களுக்கு 100க்கு 172 மி.மீ. அளவில் இது வருகிறது. துணி அசையாததால் சாய்வுப் பிரச்சினை பெரிதும் தீர்ந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு பகுதியும் 100 மி.மீ. பரப்புக்குள் அடங்கியே ஆக வேண்டும், டிசைனைப் பிரிக்கும் வேலை இதிலும் உண்டு. அந்தக் கடைசிப் பாயிண்டைச் சொல்லாமல் விடாதீர்கள், தேர்வாளர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். ஊசி எண் கேட்டால், 40 எண் எம்ப்ராய்டரி நூலுக்கு 75/11 என்று சொல்லலாம். என்னிடம் துணியை வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள். ஆகவே ஒப்படைக்கும் முன் இணைப்பு இடத்தில் தாவும் நூல்களை ஒட்ட வெட்டி, பேப்பரைத் தையலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கிழித்தெடுங்கள்.