பட்டியலில் ஐந்து பேர்

உணவு உதவி போய்ச் சேரவேண்டிய வீட்டுக்குப் போகிறதா என்று சரிபார்ப்பதுதான் வட கொரியாவில் எனக்கு வேலை. 2002 வசந்தகாலம், வடகிழக்குக் கடலோர நகரமான சோங்ஜின் பக்கம். பழைய தானியம் தீர்ந்து புது அறுவடை வராத மாதங்கள். எங்கே போவதானாலும் முன்கூட்டியே அனுமதி, கூடவே அரசு தந்த மொழிபெயர்ப்பாளர், ஓர் உள்ளூர் அதிகாரி. கொரிய மொழி தெரிந்தவர்களை அந்த அரசு எங்கள் வேலைக்கு அனுமதிக்கவில்லை. தெரிந்த கதைதான்.

நாட்டை ஆண்ட அப்பா, மகன் கிம் இல் சுங், கிம் ஜோங் இல் இருவரின் படங்களுக்கும் கீழே, பளபளவென்று துடைத்த தரையில் உட்கார்ந்து, "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டேன். அந்த அம்மா நான்கு என்றார். என் கையிலிருந்த பட்டியலில் ஐந்து.

எங்கள் தொழிலில் இந்த மாதிரி வித்தியாசத்துக்குத்தான் சம்பளமே. இல்லாத ஆள் பேரில் யாரோ தானியம் எடுக்கலாம்; அல்லது இருந்த ஆள் இப்போது இல்லாமல் போயிருக்கலாம். "ஐந்தாவது ஆள் எங்கே?" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதைக் கொரிய மொழியில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், "அது அவசியமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "வேண்டாம், அடுத்ததைக் கேளுங்கள்" என்றேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. மக்காச்சோளக் கஞ்சி, காட்டுக் கீரை.

நான் செய்தது சரி என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். சோங்ஜினிலிருந்து சீன எல்லையான தூமென் ஆறு அதிகத் தூரமில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு மாகாணத்துக்குப் போவதே அங்கே குற்றம். ஆற்றைத் தாண்டினால் தேசத்துரோகம் என்றுகூட ஆகலாம். போனவரோடு முடியாது, வீட்டில் இருப்பவர்களும் பதில் சொல்ல வேண்டும். கொரியப் போரில் பாட்டன் எந்தப் பக்கம் நின்றான் என்பதை வைத்துப் பேரனுக்குப் படிப்பும் வேலையும் நிர்ணயிக்கிற நாடு. அங்கே ஒரு தாயிடம், அதிகாரியின் எதிரில், "எங்கே போனார்?" என்று ஒரு வெளிநாட்டுக்காரன் கேட்கலாமா?

ஆனால் அந்த ஐந்தாவது ஆள் ஆற்றைத் தாண்டினார் என்று எனக்கு யார் சொன்னது? பஞ்சத்தில் செத்திருக்கலாம். 90-களில் 6 முதல் 10 லட்சம் பேர் வரை செத்தார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. அப்படி ஒரு சாவு என்றால் அதுவும் பதிவாக வேண்டியதுதான். நான் கேட்காததால் பதிவாகவில்லை. இன்னொன்றும் உண்டு. முரண்பாடு என்று அறிக்கையில் எழுதினால் அந்த மாவட்டத்துக்கு அடுத்த அனுமதி கிடைப்பது சந்தேகம். அந்த நினைப்பு அப்போது எனக்கு வரவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1998-லேயே வெளியேறிவிட்டது. உண்மையான ஏழைகளை நேரில் பார்க்க விடாத இடத்தில் உதவி என்பது ஆட்சிக்குத்தான் உதவி என்பது அவர்கள் வாதம். நாங்கள் எண்களைக் காட்டுவோம்: 1998 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத குழந்தைகள் 62 சதவீதம், 2002-ல் 39. நல்ல எண்கள்தான். ஆனால் அவையும் அந்த அரசு அனுமதித்த இடங்களில், அந்த அரசின் ஆட்களோடு போய் எடுத்தவை.

அப்புறம்தான் வேறொன்று உறைத்தது. நான் "வேண்டாம்" என்று சொல்லும்போது அதிகாரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான்கு என்ற பதில் அதற்கு முன்பே அவர் காதில் விழுந்துவிட்டது. அப்படியானால் என் கருணை யாரைக் காப்பாற்றியது? "நீங்கள் ஐந்து பேர்தானே?" என்று கேட்டிருந்தால் அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் இருபது, முப்பது வீடுகளுக்கு ஒரு தலைவியை வைத்து, ராத்திரி யார் தங்கினார்கள் என்பதுவரை கணக்கெடுக்கிற ஊர் அது. அதிகாரிகளுக்குத் தெரியாததையா நான் வெளியே கொண்டுவந்தேன் என்றும் தோன்றுகிறது. இதை நம்பினால் நிம்மதி, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளரைப் பற்றியும் முடிவுக்கு வர முடியவில்லை. அந்த அம்மாவைக் காத்தாரா, மாவட்டத்தைக் காத்தாரா, தன்னையா? காரில் திரும்பும்போது தன் மகளின் அக்கார்டியன் வகுப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பின்னாளில் வேறு நாடுகளில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். பட்டியலைக் காட்டாதே, பதிலை நீயே எடுத்துக்கொடுக்காதே, "எத்தனை பேர்?" என்று மட்டும் கேள் என்பதுதான் விதி. நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். எண் ஒத்துவராவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்டார். ஃபாரத்தில் அப்படியே எழுதுங்கள், ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "பார்த்துவிட்டு?" என்றார். தேநீர் இடைவேளைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.