ஹெட் கேஸ்கெட் வேலையில் கேஸ்கெட்டின் பங்கு சிறிது

என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போய்விட்டது என்று சொல்லும்போது குற்றம் கேஸ்கெட்டின் மேல் இருப்பதாகத் தோன்றுகிறது. பழைய என்ஜின்களில் பெரும்பாலும் அது உண்மையன்று. என்ஜின் எப்போதோ அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கும். அந்தச் சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். வளைந்த ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அகப்பட்ட கேஸ்கெட் இயன்றவரை தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் எரிந்திருக்கும். புதிய கேஸ்கெட்டை வைத்து மூடிவிட்டால் போதும் என்று எண்ணுபவர்களுக்கு அதே ஹெட்டை விரைவிலேயே மறுபடியும் இறக்க வேண்டிவருகிறது. என்னுடைய பழைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் இந்த வேலையை அண்மையில் செய்து முடித்தேன். அதில் மிகுதியான நேரம் எங்கே செலவானது, ஏன் செலவாக வேண்டும் என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன்.

அந்த மெல்லிய தகடு எரியும் வாயுவைச் சிலிண்டருக்குள்ளேயே அடைத்து வைக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் வழிகளையும் ஆயில் ஏறும் வழியையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து நிறுத்துகிறது. என் காரில் அதற்கு மேலே இருப்பது அலுமினிய ஹெட், கீழே இருப்பது வார்ப்பிரும்பு பிளாக். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் 80 டிகிரி செல்சியஸ் சூடேறினால், பிளாக்கைக் காட்டிலும் சுமார் 0.4 மில்லிமீட்டர் கூடுதலாக நீள முயலும். என்ஜின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் கேஸ்கெட் இந்த உரசலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கும் ஒழுக்கு இல்லாமலேயே கூலன்ட் குறைந்து வந்ததுதான் முதல் அறிகுறி. பிறகு, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த சற்று நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் விறைத்துக்கொள்ளத் தொடங்கியது. கூலன்ட் சூடாவதற்கு முன்பே அதில் அழுத்தம் ஏறுகிறது என்றால், சிலிண்டரிலிருந்து தப்பிய வாயு அதற்குள் புகுகிறது என்று பொருள். ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பசையைக் கண்டதும் பலர் கேஸ்கெட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறுந்தூரமே ஓடும் கார்களில் ஈரம் படிவதாலும் அந்தப் பசை வரும் என்பதால் அதை மட்டும் நம்பி ஹெட்டை இறக்கக் கூடாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்து பார்த்தபோது 1, 4 ஆகிய சிலிண்டர்கள் நன்றாக இருக்க, 2-உம் 3-உம் சேர்ந்து இறங்கியிருந்தன. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக இறங்குவது அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் எரிந்திருப்பதற்கான வலுவான சான்று.

ஹெட்டைக் கழற்றும்போது என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன்களும் வால்வுகளும் ஒத்து இயங்குவதைக் காட்டும் டைமிங் குறிகளைப் பொருத்தி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை அதன் மேல் எல்லையான டாப் டெட் சென்டரில் நிறுத்திய பிறகுதான் டைமிங் பெல்ட்டை எடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை இரு முனைகளிலிருந்து நடுவை நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது 2-க்கும் 3-க்கும் இடையே கேஸ்கெட்டின் எஃகு வளையம் கருகி அறுந்திருந்தது. மற்ற பிஸ்டன்களின் தலையில் கரி அப்பியிருக்க, மூன்றாவது பிஸ்டனின் தலை மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. சிலிண்டருக்குள் கசிந்த கூலன்ட் ஆவியாகி அந்தக் கரியை அரித்தெடுத்திருந்தது.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பழைய கேஸ்கெட்டின் ஒட்டலை எடுக்கச் சுழலும் உராய்வுத் தட்டுகளைப் பயன்படுத்துவோரை நிறையப் பார்க்கிறேன். வேலை விரைவாக முடிகிறது என்பது உண்மை. ஆனால் அந்தத் தட்டு மென்மையான அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்குகிறது. அதிலிருந்து உதிரும் துகள்கள் ஆயிலில் கலந்தால் பேரிங்குகளையே அரித்துவிடும். பிளாஸ்டிக் சுரண்டி, கரைப்பான், பொறுமை ஆகியவை போதும். சுத்தமான ஹெட்டின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். அனுமதிக்கப்படும் வளைவு என்ஜினுக்கு என்ஜின் மாறும் என்றாலும், பல சிறிய என்ஜின்களில் அது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். என் ஹெட்டின் நடுவில் 0.15 மில்லிமீட்டர் தகடு தடையின்றி நுழைந்தது. அந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த கேஸ்கெட்டும் நிற்காது. ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்பி, வால்வுகள் வந்து அமரும் வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் இல்லை என்று அழுத்தச் சோதனையில் உறுதி செய்துகொண்ட பிறகே, பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேசிங்கைச் செய்யச் சொன்னேன். விரிசல் விட்ட ஹெட்டை ஃபேசிங் செய்வது வீண் செலவு.

போல்ட்டுகளைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ 10 சதவீதம் மட்டுமே ஹெட்டை அழுத்திப் பிடிக்கிறது. மீதி மரையிலும் போல்ட் தலையின் அடியிலும் ஏற்படும் உராய்விலேயே போய்விடுகிறது. மரையில் துருவோ அழுக்கோ இருந்தால் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டும், ஹெட்டோ போதிய அழுத்தமின்றி இருக்கும். பிளாக்கிலுள்ள போல்ட் துளைகளில் கூலன்ட் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக வழியில்லாமல் பிளாக்கே விரிசல் விடக்கூடும். ஆகவே ஒவ்வொரு துளையையும் உலர்த்தி, மரையைத் துலக்கிய பிறகே போல்ட்டை இறக்கினேன். குறிப்பிட்ட விசைக்குப் பின் கோணக் கணக்கில் முறுக்கச் சொல்லும் போல்ட்டுகள் பெரும்பாலும் நீண்டு கொடுக்கும் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மறுபடியும் பயன்படுத்தாமல் புதியவற்றைப் போடுவதே முறை. இறுக்குவது நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டில் சொன்ன வரிசையில், படிப்படியாக நடக்க வேண்டும். கேஸ்கெட் தயாரிப்பாளர் சொன்னாலொழிய அதன்மேல் எந்தப் பசையும் தடவக் கூடாது.

பெல்ட்டை மாட்டியதும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் மறுபடியும் சரியாக வந்து நிற்கின்றனவா என்று பார்த்தேன்.

இத்தனைக்கும் பிறகு, என்ஜின் ஏன் சூடேறியது என்ற கேள்வி மிச்சமிருந்தது. கூலன்ட் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். 82 டிகிரி என்று முத்திரையிட்ட அதைச் சுடுநீரில் போட்டுப் பார்த்தேன். நீர் கொதித்த பிறகும் அது பாதிகூடத் திறக்கவில்லை. கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றப்பட்ட ஆண்டுகளின் துரு, ரேடியேட்டரின் குழாய்களில் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினேன். கூலன்ட்டும் தூய நீரும் சம பங்காகக் கலந்து நிரப்பி, ஹீட்டரைத் திறந்து வைத்து, உள்ளே சிக்கிய காற்று முழுவதும் வெளியேறும்வரை என்ஜினை ஓடவிட்டேன். ஹெட்டைக் கழற்றும்போது சிறிதளவாவது கூலன்ட் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கியிருக்கும் என்பதால், புதிதாக ஊற்றிய ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கமான தவணைக்குக் காத்திராமல் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். சில பழைய வகைக் கேஸ்கெட்டுகளுக்கு, என்ஜின் ஒருமுறை சூடாகி ஆறிய பின் போல்ட்டுகளை மறுபடியும் இறுக்கச் சொல்லியிருப்பார்கள். கோணக் கணக்கில் முறுக்கிய போல்ட்டுகளை, கையேடு சொல்லாத வரையில், அப்படித் தொடக் கூடாது.