மணலில் முளை நிற்காது

சாரணர் கைந்நூல்களில் வரும் பாசறையில் ஓடை இருக்கும், பைன் மரம் இருக்கும், குளிரைத் தாங்கும் வழிகள் இருக்கும். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆவணி விடுமுறையில் பிள்ளைகளை வடமராட்சிக் கடலோரத்து ஊரான மணற்காட்டுக்கு அழைத்துச் சென்றால் எதிர்கொள்வது வெயிலும் சோளகக் காற்றும்தான். சாரணர் பொறுப்பாசிரியராக இருந்த காலமெல்லாம் இந்த வேறுபாட்டோடுதான் வேலை செய்திருக்கிறேன். வெளியில் ஓர் இரவைக் கழிக்கும் பாடத்தை இந்த மண்ணிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கள் முதற்பாடம் தீ மூட்டுவதல்ல. இன்னதென்று தெரியாத இரும்பைத் தொடாதே, வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பு, பெரியவர்களிடம் சொல். போர் முடிந்த பின்னும் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டுகள் நீண்டது என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். எந்த இடத்தில் தங்குவதானாலும் கிராம அலுவலரிடமும் அங்குள்ள கடற்றொழிலாளரிடமும் கேட்காமல் கூடாரத்தை விரிப்பதில்லை.

அடுத்தது கூடாரம். மணலில் முளை நிற்காது. காற்று ஓர் இழுப்பில் பிடுங்கிவிடும். அதனால் பனைமட்டைத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, அதைக் கிடையாக வைத்து, முழங்கை ஆழத்தில் புதைக்கிறோம். மேலே மணலை மிதித்து இறுக்கிவிட்டால் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. இந்த மணலின் குணத்தை வாயால் விளக்கத் தேவையில்லை. பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயச் சுவர்களைக் காட்டினால் போதும்.

தண்ணீர்ப் பாடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, மணல்மேட்டின் பின்புறம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை. மாரி மழை மணலில் இறங்கி, உவர்நீரைவிட எடை குறைவானதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஈரம் கண்டதும் ஆழத்தை நிறுத்திவிட்டு அகலமாகத் தோண்ட வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாக்கினால், கூடுதலாக இறைத்தால், கீழிருந்து உப்பு ஏறிவிடும். நம் தோட்டக் கிணறுகள் பல உவரானதும் இப்படித்தான் என்று சொல்லும்போது, கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் முகம் மாறும். ஊறிய நீரைத் துணியில் வடித்து, தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே குடிக்கக் கொடுக்கிறோம்.

தீ எளிது. காய்ந்த பன்னாடையும் தேங்காய்ப் பொச்சும் இருந்தால் ஒரு தீக்குச்சி போதும். ஆனால் சவுக்கஞ்சருகு எங்கும் கிடக்கிறது. அதை ஒதுக்கி வெறும் மணல் தெரிந்த பிறகே அடுப்பு. ஆவணியில் பனம்பழம் விழும். சுட்டுத் தின்ன நன்றாயிருக்கும். அதற்காக எவரும் பனையின் கீழ் படுக்கக் கூடாது. படுக்கும்போது நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் அடியில் செருக வேண்டும். நிலத்தில் தூங்குகிறவரைத் தீண்டும் கட்டுவிரியன் உண்டு. அதன் கடி சில வேளை வலிப்பதுகூட இல்லை. கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே. அந்த அவயவத்தை அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்ஸை அழை.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேட வைப்பேன். லண்டனில் அது வானின் பாதிக்கும் மேலே நிற்கும். யாழ்ப்பாணம் 10 பாகை அட்சரேகையை ஒட்டியிருப்பதால், இங்கே அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 10 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியைக் கடல்விளிம்பில் வைத்தால் அதன் மேற்புறத்தை ஒட்டித் தெரியும். வானம் தெளிந்திருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தாய் எழுந்து, "சேர், நாங்கள் காட்டிலும் மேட்டிலும் கிடந்தது போதாதா? பிள்ளைகளும் ஏன் வெறும் தரையில் படுக்க வேண்டும்?" என்று கேட்டார். போரில் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரோடு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சிறுமியாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் அவர். அந்தக் கேள்வியை இலேசாகத் தட்டிவிட எவருக்கும் உரிமை இல்லை. அச்சமில்லாமல் இருக்கும்போதே பிள்ளைகள் இவற்றைப் பழகட்டும் என்றேன். நீங்களே வந்து சொல்லிக்கொடுங்கள் என்றும் கேட்டேன்.

வந்தார். காற்று வரும் பக்கம் பார்த்துக் குழி வெட்டி, தீ வெளியே தெரியாமல் ஒரு பானைக் கஞ்சியை இறக்கினார். பையன்கள் வாயடைத்துப் பார்த்தார்கள். பிறகு என்னிடம் வந்து, தம் மகளுக்கும் இது கிடைக்குமா என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளின் பாசறை பெரும்பாலும் பாடசாலை வளவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கூடத் தங்க ஆசிரியைகள், ஒழுங்கான மலசலகூடம், முறை வைத்துக் காவல் இருக்கத் தாய்மார்: இவை இருந்தால் அவர்களும் மணற்காட்டில் தங்கலாம். இதைக் கேட்டு அதிபரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். அதில் முதற் கையொப்பம் அந்தத் தாயுடையது.