மலை வீட்டு டீஹியூமிடிஃபையர்: மழைக்கு முன் ஒரு முழுச் சுத்தம்

ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் மாதமே வீட்டுக்குள் ஓதம் ஏறத் தொடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்காரர்களுக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. பட்டுப்புடவை, தோல் செருப்பு, கேமரா லென்ஸ் எதையும் பூசணம் விடாது. அந்த மாதங்களில், அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்ணீராகப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையர் ஓய்வில்லாமல் ஓட வேண்டியிருக்கும் என்பதால், மழை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே அதை முழுதாகச் சுத்தம் செய்துவிடுவது எங்கள் வழக்கம்.

"தண்ணியே பிடிக்க மாட்டேங்குது, கேஸ் போயிடுச்சு போல" என்பதுதான் இந்த மிஷினைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். பல நேரம் உள்ளே இருக்கும் குளிரூட்டும் கேஸ் அப்படியே இருக்கும், காற்றுதான் உள்ளே போகாது. ஃபில்டர் வழியாக இழுக்கப்படும் காற்று முதலில் குளிர்ந்த காயிலில் (கேஸ் ஓடும் வளைந்த குழாய் அடுக்கில்) படுகிறது. அங்கே ஈரம் துளிகளாகி, அடியில் இருக்கும் தட்டில் விழுந்து, துளை வழியாகப் பக்கெட்டுக்குப் போகிறது. காய்ந்த காற்று பின்னால் இருக்கும் சூடான காயிலைத் தாண்டி வெளியே வருகிறது. இந்தப் பாதையில் எங்கே தூசு அடைத்தாலும் தண்ணீர் குறையும், கம்ப்ரெசர் சூடேறும், கரன்ட் வீணாகும்.

ப்ளக்கைப் பிடுங்கி, பக்கெட்டைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள். வலை ஃபில்டரை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். கம்பளி, நாய், பூனை உள்ள வீட்டில் வாரம் ஒருமுறை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ் போதும். வெந்நீரும் சுள்ளென்ற வெயிலும் பிளாஸ்டிக் சட்டத்தை நெளித்துவிடும். நெளிந்த சட்டம் சரியாக உட்காராது, இடுக்கு வழியாகத் தூசு நேரே காயிலுக்குப் போகும். நிழலில் முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள். நாற்றத்தை இழுக்கும் கார்பன் ஃபில்டர் இருந்தால் அதைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

காயில்தான் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம். சில மாடல்களில் ஃபில்டரை எடுத்தாலே காயில் தெரியும். சிலவற்றில் பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். திருகுகள் ஒரே நீளத்தில் இருக்காது, ஆகவே கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காயிலில் நெருக்கமாக அடுக்கியிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு, அதாவது ஃபின், பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், கையுறை அவசியம். மெல்லிய பெயின்ட் பிரஷால் ஃபின் ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தட்டி, விழும் தூசை வாக்குவம் கிளீனரால் இழுத்துவிடுங்கள். குறுக்கே தேய்த்தால் ஃபின்கள் மடங்கி, காற்றின் வழி நிரந்தரமாக அடைபடும்.

பிறகு அரை லிட்டர் தண்ணீரில் நான்கைந்து சொட்டு பாத்திரத் திரவம் கலந்து, ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக் காயில் மேல் அடியுங்கள். அதற்கு முன் சர்க்யூட் போர்டு, ஃபேன் மோட்டார் இரண்டையும் பிளாஸ்டிக் தாளால் மூடி, பக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் ஊறியதும் வெறும் தண்ணீரால் அலசினால் அழுக்கு தட்டு வழியாகப் பக்கெட்டில் இறங்கும். பைக் கழுவும் பிரஷர் பம்ப்பை இங்கே கொண்டுவரவே கூடாது.

காயிலில் வினிகர் அடிக்கச் சொல்லும் ஆலோசனையை நாங்கள் ஏற்பதில்லை. அதிலுள்ள அசெட்டிக் அமிலம் ஈரமும் காற்றும் சேரும் இடத்தில் செம்புக் குழாயை எறும்புப் புற்று மாதிரி உள்ளுக்குள் அரிக்கக்கூடியது. வெளியே ஒன்றும் தெரியாது, கேஸ் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

நனைந்த சாக்கு நாற்றம் வந்தால், காயிலுக்குக் கீழே இருக்கும் தட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தூசும் வழவழப்பும் சேர்ந்து அதன் துளையை அடைத்தால் தண்ணீர் தரையில் ஒழுகும், பக்கெட் ஓட்டை என்று தவறாக நினைத்துவிடுவோம். காது குடையும் பட்ஸால் துளையைச் சுத்தம் செய்து, ஒரு டம்ளர் தண்ணீரைத் தட்டில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் பக்கெட்டுக்கு இறங்க வேண்டும்.

பக்கெட்டில் படியும் இளஞ்சிவப்பு, கறுப்பு வழவழப்பு கிருமியும் பூசணமும்தான். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுத் தேயுங்கள். மாதம் ஒருமுறை 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவ ப்ளீச் கலந்து, 20 நிமிடம் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். வினிகரும் பக்கெட்டுக்கு ஆகும், ஆனால் ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். ப்ளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

பக்கெட்டில் இருக்கும் மிதவையை மறந்துவிடாதீர்கள். அது வழவழப்பில் ஒட்டிக்கொண்டு மேலே நின்றுவிட்டால், காலி பக்கெட்டோடும் 'ஃபுல்' விளக்கு எரியும். கீழே ஒட்டிக்கொண்டால் தண்ணீர் நிரம்பி வழியும். தேய்க்கும்போது கழன்று சிங்க்கில் விழுந்துவிடும் தெர்மாகோல் துண்டும் மிதவையின் பாகம்தான், குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். மாட்டியபின் விரலால் தூக்கிவிட்டுப் பாருங்கள், தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும்.

ஹோஸ் போட்டு நேரடியாக வெளியே விடுபவர்கள், குழாய் முழுக்கக் கீழ்நோக்கிச் சரிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு தொய்வு இருந்தால் போதும், தண்ணீர் அங்கேயே நிற்கும். வெளிச்சம் ஊடுருவும் குழாயில் பாசி பிடிக்கும், ஒளி புகாத குழாய் நல்லது. குழாயின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்கக் கூடாது. வெளியே கேன் வைத்துப் பிடித்தால் வாயை வலையால் கட்டுங்கள், டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரி நல்ல தண்ணீரில்தான். ஊருக்குப் போகும்போது பக்கெட்டைக் காயவைத்துவிட்டுப் போவதும் அதற்காகத்தான்.

அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். குடிக்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர்தானே என்று இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் ஊற்றக் கூடாது. காயிலில் கழுவி வந்த தூசும் உலோகத் துகளும் அதில் இருக்கும்.

எல்லாம் காய ஒரு நாள் விட்டுவிடுங்கள். மிஷினைப் படுக்க வைத்துத் தூக்கி வந்திருந்தால், நிமிர்த்தி 24 மணி நேரம் கழித்தே போட வேண்டும், கம்ப்ரெசர் ஆயில் கீழே இறங்கியாக வேண்டும். மலையில் மின்சாரம் போய்ப் போய் வரும். வந்த உடனே கம்ப்ரெசர் ஓடாமல் மூன்று நிமிடம் போல ஃபேன் மட்டும் சுற்றினால் அது கோளாறு அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

மிஷின் காட்டும் ஈரப்பத எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், ஈரப்பதம் அளக்கும் தனி மீட்டர் (ஹைக்ரோமீட்டர்) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சோதிக்கலாம்: பாட்டில் மூடியில் உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் சேறு போலக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடுங்கள். மறுநாள் 75 சதவீதம் காட்ட வேண்டும். 79 காட்டினால் நான்கைக் கழித்துப் படியுங்கள். அறையை 50 முதல் 55 வரை வைத்திருந்தால் போதும், 60-க்குக் கீழே பூசணம் எளிதில் பிடிக்காது.

இனி குளிர். அறை 15 டிகிரிக்குப் பக்கமாக இறங்கினால் கம்ப்ரெசர் வகை மிஷினின் காயிலில் பனி உறையும், தண்ணீர் வெகுவாகக் குறையும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது, குன்னூர் இரவில் அதை எதிர்பார்க்க முடியாது. பகலில் ஓட்டுவதே லாபம். உறைந்த பனியைக் கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகும், அணைத்துவிட்டு உருகவிடுங்கள்.

பனி எங்கே உறைகிறது என்பதும் ஒரு தகவல்தான். காயில் முழுக்க ஒரே சீராக இருந்தால் குளிரோ அடைப்போ காரணம். 25 டிகிரி அறையில், ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தும், குழாய் நுழையும் மூலையில் மட்டும் பனி பிடித்து மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தால் அப்போதுதான் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். இவை சீல் செய்த மிஷின்கள், கசிவைப் பற்றவைத்து அடைத்த பிறகே கேஸ் ஏற்ற முடியும். லேபிளில் ஆர் 290 என்று இருந்தால் உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் புரொப்பேன். அதில் பழகிய மெக்கானிக்கைத் தவிர வேறு யாரையும் தொடவிடாதீர்கள். வேலைக்குச் சம்மதிக்கும் முன் செலவைக் கேட்டு, புது மிஷின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.